பகிடிக்குப் போடுற அழிவுக் கட்டளைகள்: உதவிப் பகுதியில இதை விடலாமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):

போன கிழமை எங்கட குழுவின்ட உதவிப் பகுதியில நடந்ததைப் பலர் பார்த்திருப்பீங்க. பார்க்காத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்றன்.

உயர்தரம் எழுதிப்போட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கிற ஒரு பிள்ளை. பழைய லெப்டொப் ஒண்டில உபுண்டு எண்ட லினக்ஸ் போட்டுப் பாவிக்கிறா. டிஸ்க்கில இடம் முடிஞ்சுபோச்சு எண்டு செய்தி வருது, எதை அழிக்கலாம் எண்டு கேட்டா. ஒருத்தர் வந்து, பிரெஞ்சு மொழிக்கான கோப்புகள் சும்மா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கும், அதை எடுக்கிற கட்டளை இதுதான் எண்டு ஒரு வரி போட்டார். கீழ நாலஞ்சு சிரிப்புக் குறி. இன்னொருத்தர், "எனக்கும் இதாலதான் இடம் கிடைச்சது" எண்டு எழுதினார். பிள்ளை அதைக் கொப்பி பண்ணி, கடவுச்சொல்லும் அடிச்சு, ஓட விட்டிட்டா. மெஷினில இருந்த கோப்பெல்லாம் அழிஞ்சுபோச்சு.

இந்தப் பிரெஞ்சுக் கதை இணையத்தில வருசக்கணக்காச் சுத்துற ஒண்டு. ஆர்எம் எண்ட அழிக்கிற கட்டளைக்குப் பின்னால வாற எஃப், ஆர் ரெண்டு எழுத்தையும் பிரெஞ்சின்ட சுருக்கம் எண்டு நம்ப வைக்கிறது. உண்மையில ஆர் எண்டா உள்ளுக்க இருக்கிற அத்தனை அடைவுக்குள்ளயும் (ஃபோல்டருக்குள்ளயும்) போ. எஃப் எண்டா ஒண்டும் கேக்காம அழி. முன்னால சூடோ எண்டு போட்டா நிர்வாகியின்ட அதிகாரத்தோட அது நடக்கும்.

தெரிஞ்ச ஆக்கள் தங்களுக்குள்ள இதைச் சொல்லிச் சிரிச்சா எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா உதவி கேட்டு வந்த பிள்ளைக்கு, பதில் மாதிரி வேசம் போட்டு வாற கட்டளையை நாங்க பகிடி எண்டு ஏற்கக் கூடாது. இதுதான் என்ட நிலைப்பாடு. உங்கட கருத்தை எழுதுங்க. ஒரு வேண்டுகோள்: இந்த இழையில அந்த வரியை ஓடக்கூடிய மாதிரி ஒருத்தரும் எழுத வேண்டாம்.

ரிப்பேர்மேசை (கல்முனை):

அந்த லெப்டொப் என்ட மேசைக்குத்தான் வந்திச்சு. புள்ளையும் வாப்பாவும் வந்தாங்க.

புள்ள டியூசன் சேர்மாருக்கு வினாத்தாள் டைப் பண்ணிக் குடுத்துக் காசு எடுக்கிற. டைப் பண்ணின தாள் எல்லாம் அதுக்குள்ளதான். பேக்கப் எடுக்கல்லயா எண்டு கேக்க வாறவங்களுக்குச் சொல்றன்: பேக்கப் இரிந்திச்சு, ஒரு பென்டிரைவில. கட்டளையை ஓட விட்ட நேரம் அந்தப் பென்னும் குத்தியே இரிந்திச்சு. லினக்ஸில வெளியால குத்துற டிஸ்க்கும் மீடியா எண்ட அடைவுக்குக் கீழதான் வந்து நிக்கும். மேல இருந்து அழிச்சுக்கொண்டு வந்தா அதுவும் சேந்து போகும். விண்டோஸுக்குள்ள டபிள்யூஎஸ்எல் போட்டு லினக்ஸ் படிக்கிற புள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். அங்க சீ டிரைவே தானா இணைஞ்சிரிக்கும். லினக்ஸில அழிக்கிறன் எண்டு நினைக்கிற நேரம் விண்டோஸில இரிக்கிற படமும் பாடமும் போயிரும்.

இப்புடி ஆருக்கும் நடந்தா முதல் வேலை மெஷினை உடன நிப்பாட்டுறது. கூகிள்ல தேடிப் பாப்பம், ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப் பாப்பம் எண்டு வெச்சிரிந்தா அழிஞ்ச இடத்துக்கு மேல புதுசு எழுதப்படும். வேறொரு பென்னில இரிந்து லைவ் லினக்ஸ் (டிஸ்க்கில போடாம பென்னில இரிந்தே ஓடுறது) ஏத்தி, ஃபோட்டோரெக் எண்ட மீட்பு நிரல் மாதிரி ஒண்டால வேற டிஸ்க்குக்கு மீட்டெடுக்கணும். சுழல்ற ஹாட்டிஸ்க் எண்டா கன சாமான் வரும். ஆனா பழைய பேர் வராது, இலக்கம் போட்ட கோப்பாக் குமிஞ்சு கிடக்கும். எஸ்எஸ்டியில டிரிம் (அழிச்ச இடத்தை டிஸ்க்கே துடைச்சு வைக்கிற வேலை) ஓடிட்டு எண்டா நம்பிக்கை மிச்சம் குறைவு. இந்தப் புள்ளைட லெப்டொப்பில எஸ்எஸ்டி. பென்னில இரிந்துதான் கொஞ்சம் எடுக்க ஏண்டிச்சு.

சீமொழி (களுவாஞ்சிக்குடி, இப்ப கொழும்பில):

அந்த வரியைப் போட்டது நான் இல்ல. போட்டவரையும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு நடந்தது கவலைதான். ஆனா மறுபக்கத்தையும் ஆராவது சொல்ல வேணும்.

ஒண்டு, விளங்காத கட்டளையை ஓட விடக் கூடாது எண்டுறது இந்தத் துறையில முதல் பாடம். சூடோ கடவுச்சொல் கேக்கிறதே "நில், யோசி" எண்டு சொல்லத்தான். நாங்க பகிடியை நிப்பாட்டினாலும் நாளைக்கு உண்மையான திருடன் ஒருத்தன் வேற பக்கத்தில இருந்து வருவான். அவன் வெறுமனே அழிக்க மாட்டான், வங்கிக் கணக்கைக் காலி பண்ணுவான். ரெண்டு, இப்ப தடை போட்டா ஆபத்தான கட்டளையைப் பற்றிப் பேசுறதே குற்றம் எண்டு ஆகிப்போகும். பாதுகாப்புப் படிக்கிறவன் எங்க போறது? மூண்டு, எனக்குத் தெரிஞ்ச மட்டில அந்த வரி இண்டைக்கு வேலை செய்யவே செய்யாது. 2006க்குப் பிறகு வந்த ஆர்எம், மூல அடைவை (எல்லா அடைவுக்கும் மேல இருக்கிறது, சாய்கோட்டால குறிக்கிறது) அழிக்கச் சொன்னா மறுத்துப்போடும். அதை மீற வேணும் எண்டா நீளமான ஒரு தெரிவைத் தனியாக் குடுக்க வேணும்.

ரிப்பேர்மேசை (கல்முனை):

@சீமொழி தம்பி, மூண்டாவது சரிதான், ஆனா அவர் போட்ட வரியில சாய்கோட்டுக்குப் பின்னால ஒரு நட்சத்திரக் குறி இரிந்திச்சு. அந்தக் குறியை ஷெல் (நாம அடிக்கிற கட்டளையை வாங்கி ஓட்டுற நிரல்) முதல்லயே விரிச்சு, உள்ளுக்க இரிக்கிற அடைவுப் பேரையெல்லாம் ஒவ்வொண்டா ஆர்எம்மிட்ட குடுத்திரும். மூல அடைவு எண்ட பேரே அதுக்குப் போகாது, அதால பாதுகாப்பும் தடுக்காது. இது தெரியாம வந்த நட்சத்திரம் இல்ல. போட்டவர் அந்த மறுப்பைப் பத்தித் தெரிஞ்சிதான் போட்டிருக்கார்.

முனைக்காட்டுப்பொடியன்:

அப்ப இது பகிடியே இல்லண்ணே. வேலை செய்யணும் எண்டு பாத்துப் பாத்துச் செஞ்சது.

ஒலுவில்மாணவி (சம்மாந்துறை):

சீமொழி அண்ணாட முதல் வாதத்தை நான் வேற இடத்திலயும் கேட்டிரிக்கன். "நாங்களும் இப்புடித்தான் பட்டுப் படிச்சம், நீங்களும் படுங்க, அப்பதான் உறுதி வரும்." கம்பஸுக்கு வாற முதலாம் வருசப் புள்ளைகளைப் பகிடிவதை செய்றவங்க இதேயத்தான் சொல்ற. அதுக்கு எதிரா இந்த நாட்டில 1998இலயே சட்டம் வந்திட்டு, 20ஆம் இலக்கச் சட்டம். இவ்வளவு காலம் போயும் அந்த வாதம் மட்டும் சாகல்ல. பட்டு வாற அறிவு எண்டு ஒண்டு இரிக்கலாம். ஆனா ஒரு ஆள் படணுமா இல்லயா எண்டு முடிவெடுக்கிற அதிகாரத்தை முன்னால வந்தவனுக்கு ஆர் குடுத்த?

இன்னொண்டையும் சொல்லணும். எங்கட பக்கத்தில ஒரு பொம்புளப் புள்ள சொந்தமா லினக்ஸ் போட்டு, பொது இடத்தில வந்து கேள்வி கேக்கிறதே பெரிய காரியம். கடைக்குக் கொண்டு போறது எண்டா ஆரும் கூட வரணும். லெப்டொப்பைப் பிறத்தி ஆளிட்ட குடுக்கவும் வீட்டில பயம். அதாலதான் தானே படிச்சுச் செய்ய வாற. இப்புடி ஒண்டு நடந்தா அந்தப் புள்ள மட்டும் இல்ல, அதைப் பாத்துக்கொண்டிரிந்த மத்தப் புள்ளைகளும் இனிக் கேக்க மாட்டாங்க. கேக்காம விடுறவங்கட கணக்கு ஒருத்தருக்கும் தெரிய வராது.

கணிதசேர் (வந்தாறுமூலை):

பிள்ளைகள், இந்த விடயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது என்று நினைக்கிறேன்.

தனிப்பட்டவர்களின் கணினிகளில் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்று பகிடியாகத்தான் பிறந்தது. 1982இல் ரிச் ஸ்க்ரெண்டா என்ற 15 வயதுப் பாடசாலை மாணவன், ஆப்பிள் 2 கணினிக்காக எல்க் க்ளோனரை எழுதினான். பிளொப்பி டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டு பரவும். ஒவ்வொரு 50ஆவது தடவை கணினியை இயக்கும்போதும் திரையில் ஒரு சின்னக் கவிதை வரும், அவ்வளவுதான். அதற்கு முன்பே அவன் கூட்டாளிகளின் டிஸ்க்குகளில் இப்படி விளையாடிக்கொண்டிருந்ததால், பலர் அவனிடமிருந்து டிஸ்க் வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள். எங்கள் குழுவில் யோசிக்க வேண்டிய பகுதி இதுதான். கவிதையால் ஒருவருக்கும் நட்டம் இல்லை. ஆனால் அவன் நீட்டிய டிஸ்க்கை வாங்க ஆள் இல்லாமல் போனது.

1987 டிசம்பரில் நடந்தது எங்கள் கதைக்கு இன்னும் கிட்ட. ஜெர்மனியின் கிளவுஸ்தால் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நத்தார் வாழ்த்தாக ஒரு சிறு நிரலை எழுதி அனுப்பினார். அதை ஓட விட்டால் திரையில் எழுத்துகளாலான நத்தார் மரம் வரும். அதற்கிடையில், பெற்றவரின் முகவரிப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அது தன்னையே அனுப்பிவிடும். அந்த நிரல் தானாக ஓடவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் கையால்தான் அதை இயக்கினார்கள். நிரலின் தொடக்கத்திலேயே, இந்தக் கோப்பை வாசித்துப் பார்ப்பதில் சுவாரசியம் எதுவும் இல்லை, பேரை அடித்து ஓட விடுங்கள் என்ற கருத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அது பல்கலைக்கழக வலையமைப்புகளைத் தாண்டி ஐபிஎம் நிறுவனத்தின் உள்வலையமைப்பையும் திணறடித்தது. வாசித்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று சீமொழி சொல்லலாம். வாசிக்காதே என்று சொன்னவர் யார்? போன கிழமை "பிரெஞ்சு மொழிக் கோப்பு" என்று சொன்னதும் அதே வேலையைத்தான் செய்தது. வாசித்து விளங்கிக்கொள்ள முயன்ற பிள்ளைக்கும் அந்த விளக்கம் முன்கூட்டியே பொய்யாகக் கொடுக்கப்பட்டிருந்தது.

அடுத்த வருடம், 1988 நவம்பர் 2இல், கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொரிஸ் விட்ட புழு, அதாவது தானாகவே பரவும் நிரல். அழிப்பது அவருடைய நோக்கம் அல்ல. ஆனால் ஒரே கணினியில் திரும்பத் திரும்பப் புகுந்து, அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை நிறுத்திவிட்டது. அவருக்கு 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணித்தியாலச் சமூக சேவை, 10,050 டொலர் தண்டப்பணம். தீங்கு செய்யும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை, அனுமதியில்லாமல் நுழையும் எண்ணம் போதும் என்று 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

சீமொழி (களுவாஞ்சிக்குடி, இப்ப கொழும்பில):

சேர், நத்தார் மரத்தின்ட கதையில அந்தக் குறிப்பைப் பற்றி நான் யோசிக்கல்ல. அதை ஏற்கிறன். பொய் விளக்கம் சொல்லிக் குடுத்துப்போட்டு, நீ ஏன் விளங்காம ஓட விட்டாய் எண்டு கேக்க ஏலாது.

ஆனா எல்லாத்தையும் ஒரே கூடைக்குள்ள போடாதீங்க. எஸ்எல் எண்டு ஒரு நிரல் இருக்கு. கோப்புப் பட்டியல் காட்டுற எல்எஸ் கட்டளையை அடிக்கப் போய் எழுத்து மாறி அடிச்சா, திரையில ஒரு நீராவி ரெயில் ஓடிப் போகும். அவ்வளவுதான், கோப்பு ஒண்டும் போகாது. இதுவும் பகிடிதான், நல்ல பகிடி. நடுவில ஃபோர்க் குண்டு இருக்கு. தன்னையே ரெண்டு ரெண்டாப் பெருக்கி மெஷினைத் திணறடிக்கும். பவர் பட்டனை அமத்தினா எல்லாம் வழமைக்கு வந்திடும். இது எந்தப் பக்கம்?

வாவிக்கரை (மட்டக்களப்பு):

நல்ல கேள்வி. ஃபோர்க் குண்டு ஓடேக்க சேமிக்காத கட்டுரை ஒண்டு திறந்து கிடந்தா அது போச்சு. வீட்டு லெப்டொப் எண்டா ஒரு பிள்ளையின்ட கட்டுரை. வைத்தியசாலையிலயோ பிரதேச செயலகத்திலயோ இருக்கிற மெஷின் எண்டா வரிசையில நிக்கிற சனத்தின்ட வேலை. போடுறவருக்கு அந்த மெஷின் எங்க இருக்குது எண்டு தெரியாது. அதாலதான், எவ்வளவு சேதம் எண்டு அளக்கிறதை விட, ஓட விடுறவருக்கு என்ன நடக்கப் போகுது எண்டு முன்கூட்டித் தெரியுமா எண்டு பார்க்கிறது சரி எண்டு நினைக்கிறன். வகுப்பில, "இது மெஷினை உறைய வைக்கும், எல்லாத்தையும் சேமிச்சுப்போட்டு வேர்ச்சுவல் மெஷின் எண்ட தனிப் போலி மெஷினுக்குள்ள ஓட விடுங்க" எண்டு சொல்லி ஃபோர்க் குண்டு காட்டினா அது பாடம். அதே வரியை "மெஷினை வேகமாக்கும்" எண்டு சொல்லிக் குடுத்தா ஏமாத்து.

முகத்துவாரத்துக்கு வாற வெளியூர் ஆள், இதில இறங்கிக் குளிக்கலாமா எண்டு கேட்டா நாங்க பகிடிக்குக் கூட "ஓம்" எண்டு சொல்ல மாட்டம். நீரோட்டம் எங்களுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது.

ஏத்தாலை (வாழைச்சேனை):

கட்டளை எழுதுற ஆக்களைப் பற்றித்தான் கதைக்கிறீங்க. ஒண்டும் எழுதத் தெரியாத ஆக்களும் இதைச் செய்யுறாங்க கா. 2018 பெப்ரவரியில ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு சுத்தினது ஞாபகம் இருக்கா? அது வந்த ஐபோனில மெசேஜ் அப் அப்படியே விழுந்திடும், திறக்கவும் ஏலாது. ஆப்பிள் ஐஓஎஸ் 11.2.6ஐ விட்டுத்தான் அதைச் சரி பண்ணினது. அந்த எழுத்தைக் கூட்டாளிமாருக்கு அனுப்பிச் சிரிச்ச ஆக்கள் உலகம் முழுக்க. அந்த எழுத்து ஒரு மொழியின்ட சாதாரண எழுத்து, அதில ஒரு பிழையும் இல்ல. போன் விழும் எண்டு தெரிஞ்சு அனுப்பினதுதான் பிழை.

எங்கட ஊரில மாரியில வெள்ளம் வரேக்க எந்த வீதி தண்ணிக்குள்ள, எந்தப் பாடசாலையில இடம் எண்டு எல்லாம் வட்ஸ்அப் குறூப்பிலதான் வருது. அந்த நேரம் ஒருத்தன் பகிடிக்கு எண்டு இப்படி ஒண்டைப் போட்டு, ஒரு அம்மாட போன் விழுந்தா ஆர் பொறுப்பு?

சட்டம்படிக்கிறன் (அக்கரைப்பற்று):

பொறுப்பு எண்டு கேட்டதால எழுதுறன். இலங்கையில 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இரிக்கு. அதில 5ஆம் பிரிவு, சட்ட அதிகாரம் இல்லாம, வேணுமெண்டு ஒரு கணினியை ஒரு செயலைச் செய்ய வைக்கிறதைப் பத்தினது. அதால கணினிக்கோ நிரலுக்கோ சேதம் வரும் எண்டு தெரிஞ்சிரிந்தாலோ, அப்புடி நம்புறதுக்குக் காரணம் இரிந்தாலோ குற்றம். 3 இலட்சம் ரூபாய் வரைக்கும் தண்டம், இல்லாட்டி 5 வருசம் வரைக்கும் சிறை, இல்லாட்டி ரெண்டும். "பகிடிக்கு" எண்டுறது அதில ஒரு விதிவிலக்கா எழுதப்படல்ல.

வாதம் எங்க வரும் எண்டா, கட்டளையை அடிச்சது புள்ளதானே, போட்டவர் எப்புடிக் கணினியைச் "செய்ய வைச்சார்" எண்டுறதில. ஒரு வழக்கறிஞர் ரெண்டு பக்கமும் நிண்டு வாதாடலாம். எனக்குப் பட்டது, பொய் சொல்லி ஒரு ஆளின்ட கையால செய்விக்கிறது தன்ட கையால செய்றதை விடக் குறைஞ்ச பொறுப்பு இல்ல. ஆனா இந்தப் புள்ளைட வீட்டில பொலிஸுக்குப் போகப் போறல்ல. போறது எவ்வளவு அலைச்சல் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதாலதான் குழுவில இரிக்கிற நாங்க முடிவெடுக்கணும் எண்டு சொல்றன்.

வாவிக்கரை (மட்டக்களப்பு):

இவ்வளவு பேர் எழுதியும் ஒரு ஆளைப் பற்றி ஒருத்தரும் எழுதல்ல. "எனக்கும் இதாலதான் இடம் கிடைச்சது" எண்டு கீழ எழுதினவர். என்ட மனசுக்குள்ள கிடந்து வேகுறது அதுதான்.

முதல் ஆள் போட்ட வரியை அந்தப் பிள்ளை உடன ஓட விடல்ல. நேரத்தைப் பாருங்க, இடையில அரை மணித்தியாலத்துக்கு மேல இருக்கு. அந்த நேரம் பிள்ளை யோசிச்சுக்கொண்டுதான் இருந்திருக்கா. தனக்கு வேலை செஞ்சது எண்டு ரெண்டாவது ஆள் சொன்ன பிறகுதான் ஓட விட்டிருக்கா. தெரியாத ஆள் ஒருத்தர் என்ன செய்ய வேணும்? இன்னொரு ஆளிட்ட சரி பார்க்க வேணும். பிள்ளை அதைச் செஞ்சிருக்கா. சரி பார்த்த இடத்திலயும் பொய் காத்துக்கொண்டு இருந்திருக்கு. சிரிப்புக் குறி போட்ட ஆக்களுக்கும் அது பொய் எண்டு தெரியும். ஒருத்தர் கூட "இதை ஓட விடாதீங்க தங்கச்சி" எண்டு ஒரு வரி எழுதல்ல.

அந்தப் பகிடியை ஆங்கிலத்தில தேடிப் பாருங்க, அது ஏமாத்து எண்டு எச்சரிக்கிற பக்கம் நிறைய வரும். ஒரு பொய்க்குப் பக்கத்தில நூறு உண்மை நிக்கும். தமிழில இந்த வகைக் கேள்விக்குப் பதில் இருக்கிற இடமே கொஞ்சம். எங்கட ஒரு பதில்தான் அந்தப் பிள்ளைக்குக் கிடைச்ச பதில். இனி வாற ஆக்களுக்கும் அதுதான் கிடைக்கும், ஏனெண்டா நாங்க எழுதினது இங்கயே நிக்காது. 2024 மே மாதம் கூகிளின்ட செயற்கை நுண்ணறிவுப் பதில், பீட்சாவில சீஸ் வழுகாம இருக்கப் பசை போடுங்க எண்டு சொன்னது. அதின்ட மூலத்தைத் தேடிப் போனா, 11 வருசத்துக்கு முன்னம் ரெட்டிட்டில ஒருத்தர் பகிடிக்கு எழுதின ஒரு வரி. சிரிப்புக் குறியை எந்த மெஷினும் கொண்டு போகல்ல, வரியைத்தான் கொண்டு போனது. தமிழில பதில் குறைய இருக்கிற இடத்தில, ஒரு பகிடி எவ்வளவு சுகமா உண்மையாகிப்போகும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

முனைக்காட்டுப்பொடியன்:

ரெண்டாவது ஆளும் இந்த இழையை வாசிச்சுக்கொண்டுதான் இருப்பார். வந்து ஒரு வார்த்தை சொல்லலாம்.

மட்டுறுத்துநர்:

வாசித்தேன், எல்லாவற்றையும். எடுத்த முடிவு இது.

உதவிப் பகுதியில், கேட்ட கேள்விக்குப் பதில் என்ற தோற்றத்தில் அழிக்கிற, மேலெழுதுகிற, உறைய வைக்கிற கட்டளையைப் போடுபவர் மூன்று மாதத்துக்குப் பதில் எழுத முடியாது. அதைப் பொய்யாக உறுதிப்படுத்துபவருக்கும் அதே தடை, ஒரு நாளும் குறையாது. போன கிழமை எழுதிய இருவருக்கும் இன்றிலிருந்து நடைமுறை.

அந்தப் பதிவை அடையாளமில்லாமல் அழிக்கப் போவதில்லை. அதைக் கொப்பி பண்ணிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரலாம். கட்டளையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் "இங்கே இருந்தது அழிவுக் கட்டளை. ஓட விட்டிருந்தால் கணினியை உடனே நிறுத்துங்கள்" என்ற அறிவிப்பும், அதன் கீழே ரிப்பேர்மேசை அண்ணனின் மீட்பு முறையும் நிற்கும்.

பாதுகாப்புப் பகுதியில் இவற்றைப் பற்றி முன்பு போலவே பேசலாம். விளக்கம் முதலில், கட்டளை பிறகு. கொப்பி பண்ண முடியாதபடி கட்டளையைப் படமாக மட்டும் போட வேண்டும்.

கணிதசேர் (வந்தாறுமூலை):

கடைசி விதியில் ஒரு சிக்கல். என்னிடம் படித்த பார்வையற்ற மாணவர் ஒருவர் திரைவாசிப்பான் மூலம்தான் இந்தக் குழுவை வாசிக்கிறார். படமாகப் போட்டால் அவருக்கு அது வெற்றிடம்.

மட்டுறுத்துநர்:

சரி சேர். அப்படியானால் எழுத்தாகவே போடலாம், வரியின் தொடக்கத்தில் ஹாஷ் குறியோடு. ஷெல் அதைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு விட்டுவிடும்.

சீமொழி (களுவாஞ்சிக்குடி, இப்ப கொழும்பில):

பாஷ் மாதிரி ஷெல்லில மட்டும்தான் அது நிச்சயம். 2019க்குப் பிறகு வந்த மெக் கணினியில இசட்ஷெல் எண்ட வேறொரு ஷெல்தான் முன்னிருப்பு. அதில நேரடியா அடிக்கேக்க ஹாஷைக் குறிப்பா எடுக்காது, அப்படி ஒரு கட்டளையைக் காணல்ல எண்டு சொல்லும். வரிக்கு நடுவில அரைப்புள்ளி இருந்தா அதுக்குப் பிந்தின பகுதி ஓடவும் கூடும். ஹாஷை நம்ப வேண்டாம். அழிபட வேண்டிய அடைவின்ட இடத்தில, ஒருத்தரின்ட மெஷினிலயும் இருக்காத ஒரு தமிழ்ப் பேரைப் போடச் சொல்லுங்க. வாசிக்கிறவருக்கு விளங்கும், ஓட விட்டாலும் ஒண்டும் அழியாது. பழைய பாதுகாப்பு இழைகளில அப்படியே கிடக்கிற கட்டளைகளை இந்தச் சனி ஞாயிறில நான் திருத்தித் தாறன், அனுமதி தாங்க.

மட்டுறுத்துநர்:

விதியை அப்படியே மாற்றிவிட்டேன். திருத்தும் அனுமதியும் கொடுத்தாயிற்று. ஃபோர்க் குண்டு உள்ள இழைகளில் இருந்து தொடங்குங்கள். அதில் மாற்றுவதற்கு அடைவுப் பேர் இல்லை, ஆகவே குறிகளைச் சொற்களால் விளக்கி எழுதினால் போதும்.